மென்பொருளுக்குக் காசு வேண்டாம், ஆள் வேண்டும்

ஏப்ரல் கடைசியில், தேர்வு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, தாளாளர் அறையிலிருந்து ஒரு அழைப்பு வரும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் உறவினர் யாரோ கல்யாண வீட்டில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போயிருப்பார். "வருஷா வருஷம் சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டுறோமே, அதெல்லாம் ஃப்ரீயாவே கிடைக்குதாமே? ஓப்பன் சோர்ஸாம். ஜூனுக்குள்ள மாத்திடலாமா?" நீங்கள் பள்ளி அலுவலகத்தில் இருப்பவரோ கணினி ஆசிரியரோ என்றால், இந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.

"சரிங்க சார்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். "முடியாது" என்றும் சொல்ல வேண்டாம். "ஜூனுக்குள்ள அட்மிஷன் ரிஜிஸ்டரை மட்டும் ஏத்திடலாம் சார். ஃபீஸ் அடுத்த டெர்ம்ல. எனக்கு வாரத்துக்கு ரெண்டு அரை நாள் வேற வேலை இல்லாம வேணும்" என்று சொல்லுங்கள். இந்த மூன்று வாக்கியங்களும் முன்கூட்டியே பேசப்படாத பள்ளிகளில் செப்டம்பரில் பழைய சாஃப்ட்வேருக்கே திரும்பிப் போவார்கள். பழி மட்டும் உங்கள் பெயரில் நிற்கும்.

தாளாளருக்கு முதலில் புரியவைக்க வேண்டியது ஒரு சொல். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலையானதற்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இருப்பதால் அங்கே குழப்பம். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. மென்பொருளின் மூல நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், தன் கணினியில் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் கட்டற்ற மென்பொருள். விலை இல்லாமல் கிடைப்பது அதன் பின்விளைவு. பள்ளிக்கு அதனால் வரும் உண்மையான லாபம், உங்கள் பிள்ளைகளின் விவரம் உங்கள் கையில் இருக்கும் என்பது. வேண்டாம் என்று தோன்றிய நாளில் எடுத்துக்கொண்டு வெளியேறலாம்.

அந்த லாபத்தின் விலை எனக்கு அனுபவத்தில் தெரியும். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருந்த காலத்தில், ஒரு நிறுவனத்தின் சாஃப்ட்வேரை விட்டு வெளியேற முடிவு செய்தோம். எங்கள் விவரங்களைக் கேட்டோம். மூன்று வாரம் கழித்து வந்தது பி.டி.எஃப். கோப்பாக. ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பக்கம். எக்செல்லாகக் கொடுங்கள் என்றால் "அது ஒப்பந்தத்தில் இல்லை" என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். உண்மைதான், இல்லை. அந்தக் கோடை விடுமுறை முழுக்க நானும் இன்னொரு மேடமும் உட்கார்ந்து திரும்பத் தட்டினோம். ஆகவே கட்டற்ற மென்பொருளுக்கு மாறினாலும் மாறாவிட்டாலும், இப்போது நீங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரிலிருந்து எல்லா விவரத்தையும் எக்செல்லாகவோ சி.எஸ்.வி. கோப்பாகவோ எடுக்க முடிகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். முடியவில்லை என்றால் அடுத்த சந்தாவைக் கட்டும் முன் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாப் பள்ளிக்கும் இது வேண்டுமா? வேண்டாம். இருநூறு பிள்ளைகள் படிக்கும் நர்சரி பிரைமரி பள்ளிக்கு லிப்ரே ஆபீஸில் ஒழுங்காகப் போட்ட நான்கு தாள்களே போதும். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த லிப்ரே ஆபீஸும் கட்டற்ற மென்பொருள்தான். ஐந்நூறு அறுநூறைத் தாண்டி, மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒரே விவரத்தைத் தொட வேண்டிய நிலை வந்த பிறகுதான் பெரிய அமைப்பு தேவைப்படும்.

எதைத் தேர்வது?

ஹாங்காங்கில் ஒரு பள்ளியிலேயே பிறந்தது கிப்பன். வகுப்பறைக்காரர்கள் எழுதியது என்பது அதன் திரைகளைப் பார்த்தாலே தெரியும். ரொசாரியோ எடை குறைவானது, பழைய கணினியிலும் ஓடும். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட்டிலிருந்து கல்விப் பகுதியைத் தனியாகப் பிரித்து ஃப்ராப்பே எஜுகேஷன் என்று வைத்திருக்கிறது. கணக்கு வழக்கு வலுவாக வேண்டும் என்றால் அதைப் பாருங்கள், ஆனால் நிறுவுவதற்கு விவரம் தெரிந்த ஆள் வேண்டும். பாடம் நடத்த மூடுல். நூலகத்துக்கு, 2000-ல் நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகத்தில் ஓடத் தொடங்கிய கோஹா. அது மாவோரி மொழியில் 'அன்பளிப்பு' என்று பொருள்படும் சொல். இரண்டாயிரம் புத்தகம் உள்ள பள்ளி நூலகத்துக்கு அது யானைப் பசிக்குச் சமைப்பது மாதிரி, கல்லூரிகள் வைத்துக்கொள்ளட்டும்.

பெயர்ப் பட்டியலை விட ஒரு கதை உங்களுக்கு அதிகம் உதவும். ஃபெடெனா என்று ஒரு பள்ளி மென்பொருள். பெங்களூரின் ஃபொராடியன் நிறுவனம் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதி, அப்பாச்சி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கேரள அரசுப் பள்ளிகளின் 'சம்பூர்ணா' அதன் மேல்தான் எழுந்தது. நம் ஊர்ப் பக்கத்துப் பள்ளி நடைமுறைகளை மனத்தில் வைத்து எழுதியது என்பதால் அந்தக் காலத்தில் பலர் அதை ஆசையாக இறக்கிப் போட்டார்கள். பிறகு நிறுவனத்தின் கவனம் கட்டணப் பதிப்புக்குப் போனது. திறந்த பதிப்பு ரூபி 1.8.7 காலத்திலேயே நின்றுவிட்டது. அந்த ரூபிக்கு 2013 ஜூனோடு ஆதரவு முடிந்தது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க யாரும் இல்லை. நிரல் இன்றும் இணையத்தில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கலாம், உரிமம் ஒன்றும் காலாவதியாகவில்லை. ஆனால் அதில் உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் ஆதார் எண்ணை வைப்பது, பூட்டில்லாத பீரோவைத் தெருவில் நிறுத்துவது போல.

ஆகவே ஒரு மென்பொருளைப் பார்க்கும்போது என்னென்ன வசதி இருக்கிறது என்ற பட்டியலைக் கடைசியில் பாருங்கள். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் யோசியுங்கள். பயனர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் வருகிறதா, அல்லது கேள்விகள் மட்டும் அடுக்கிக் கிடக்கின்றனவா? ஒரே ஒருவர்தான் எழுதுகிறாரா? ஒருவர்தான் என்றால் அது மோசம் என்று அர்த்தமில்லை. அவர் நிறுத்தினால் என்ன செய்வது என்று உங்களிடம் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உரிமத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஜி.பி.எல். உரிமத்தில் உள்ளதை உங்கள் பள்ளிக்குள் திருத்திப் பயன்படுத்தினால் அந்தத் திருத்தத்தை ஊருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேறொருவருக்குப் பிரதி கொடுக்கும்போதுதான் அந்தக் கடமை வரும்.

பொன்னியைத் தட்டிப் பாருங்கள்

இப்போது மாதிரித் தளத்தைத் திறந்து ஒரு மாணவியைச் சேருங்கள். பெயர் பொன்னி. திரையில் சரியாகத்தான் தெரியும், அதில் மயங்காதீர்கள். அவளுக்கு ஒரு பொனஃபைட் சான்றிதழைப் பி.டி.எஃப்.ஆக எடுத்துப் பாருங்கள். கொம்பு 'ப'வுக்கு முன்னால் வருகிறதா? பல மென்பொருள்களில் 'ப'வுக்குப் பின்னால் கொம்பு விழுந்து, கால் தனியே நின்று, பெயர் சிதைந்திருக்கும். கணினிக்குள் 'பொ' என்பது ப என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு ஒகரக் குறியும்தான். கொம்பை முன்னே தூக்கி வைப்பது எழுத்தைத் தாளில் வரையும் பகுதியின் வேலை. பி.டி.எஃப். செய்யும் நிரல் பழையதாக இருந்தால் அதற்கு இந்த வித்தை தெரியாது. சௌந்தர்யா, கொளஞ்சி, மோகன் ஆகிய பெயர்களையும் சோதியுங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். நான் பார்த்தவரை பாதி மென்பொருள்கள் இதிலேயே தோற்றுவிடுகின்றன. தோற்றால் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. உலாவியிலிருந்தே நேராக அச்சடித்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

அடுத்து ஸ்ரீதர். இந்த 'ஸ்ரீ'யைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். நாம் தட்டும் 'ஸ'வில் தொடங்கி ஒன்று, கிரந்த 'ஶ'வில் தொடங்கி இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். தேடினால் ஒருவன் கிடைப்பான், மற்றவன் கிடைக்கமாட்டான். 'கொ' போன்ற எழுத்துகளிலும் இதே கதை உண்டு. ஒகரக் குறி ஒன்றாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு உண்டாவது பெரும்பாலும் இந்த வழியில்தான். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே விசைப்பலகை முறையில் தட்ட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பழைய கோப்புகள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருந்தால் அது தனி வேலை. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளுக்குள் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அதை அப்படியே ஏற்றினால் பிள்ளைகளின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் உட்காரும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஆசிரியர் ஒருவரிடம் வகுப்புவாரியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'ர'வும் காலும் மாறிக் கிடப்பதைக் கண்டுபிடிக்க மனிதக் கண்தான் வேண்டும்.

பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பப் போகிறீர்களா? ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70. அந்த 70-ம் நாம் எண்ணும் எழுத்து அல்ல. மெய்யின் புள்ளிக்கு ஒரு கணக்கு, ஒவ்வொரு உயிர்க்குறிக்கும் ஒரு கணக்கு. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, செல்போன் நிறுவனத்துக்கு ஏழு. "தங்கள் மகன் கார்த்திக் இன்று பள்ளிக்கு வரவில்லை." இது 48. கீழே "- தலைமை ஆசிரியர்" என்று போட்டால் இடைவெளியோடு 65. பள்ளியின் பெயரையும் சேர்த்தால் 70-ஐத் தாண்டி இரண்டு செய்தியாகக் கட்டணம் ஏறும். இதுபோன்ற வாசகங்களையெல்லாம் 2021 முதல் டி.எல்.டி. என்ற முறையில் முன்பே பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், பதிவில்லாத வாசகம் போய்ச் சேராது. மென்பொருள் கட்டற்றதாக இருந்தாலும் குறுஞ்செய்திக்குக் காசு உண்டு. தாளாளரிடம் காட்டும் செலவுக் கணக்கில் இதை மறக்காதீர்கள்.

விவரம் சுத்தமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

பாதி என்பதுகூடக் குறைவு. மென்பொருளை நிறுவ ஒரு நாள் போதும். விவரத்தைச் சுத்தம் செய்ய ஒரு மாதம் ஆகும்.

வெளிநாட்டில் எழுதிய மென்பொருள் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நமக்கு இருப்பது பெயரும் இன்ஷியலும். 'கா. முத்துலட்சுமி'யில் 'கா' எங்கே போகும்? ஒருவர் கடைசிப் பெயரில் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார், மூன்றாமவர் இன்ஷியலைப் பெயரோடு ஒட்டிவிடுவார். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது இந்தக் குழப்பம் வெடிக்கும். என் விதி இதுதான்: பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர் முதல் கட்டத்தில், இன்ஷியல் கடைசிக் கட்டத்தில், அப்பா பெயர் தனிக் கட்டத்தில். உங்கள் விதி வேறாக இருக்கலாம். ஒரே விதியாக இருந்து, அது எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தால் சரி.

அமெரிக்கப் பள்ளிகளுக்காக எழுதியதில் 'இனம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மாற்றி பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., டி.என்.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி., ஓ.சி. என்று பட்டியலாக வையுங்கள். தட்டும் கட்டமாக விட்டால் ஒரே பிரிவை ஏழு விதமாக எழுதிவைப்பார்கள், உதவித்தொகைப் பட்டியல் எடுக்கும் அன்று நீங்கள்தான் உட்கார்ந்து எண்ண வேண்டும். கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எக்செல்லில் மூன்று பொறிகள். 03/04/2015 என்று தட்டினால் ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளுமா, மார்ச் 4 என்றா? அது அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. பன்னிரண்டாம் தேதி வரை பிறந்த பிள்ளைகள் எல்லோரும் இந்த ஆபத்தில் இருக்கிறார்கள். பதின்மூன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் தப்பித்தார்கள். வருடம்-மாதம்-தேதி என்ற வரிசையில் மாற்றிய பிறகே ஏற்றுங்கள். இரண்டாவது, 0457 என்ற சேர்க்கை எண் 457 ஆகிவிடும். மூன்றாவதுதான் கொடியது. பதினைந்து இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணை எண்ணாகவே வைத்தால் மீதி இலக்கங்கள் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். நீளமான வங்கிக் கணக்கு எண் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் இப்போதே போய்ப் பாருங்கள். இப்படிப்பட்ட நெடுவரிசைகளை முதலிலேயே 'எழுத்து' என்று அமைத்துவிட வேண்டும். போனது போனதுதான், திரும்ப வராது.

எமிஸ் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். "இதைப் போட்டா எமிஸ்ல ஏத்துற வேலை இருக்காதா?" இருக்கும். அது அரசின் அமைப்பு, அதன் வேலை அங்கேதான். நீங்கள் செய்யக்கூடியது, எமிஸில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் உங்கள் பதிவேட்டில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி பார்ப்பதும், எமிஸ் எண்ணுக்கு உங்கள் மென்பொருளில் ஒரு கட்டம் வைப்பதும்தான். வேலை மிச்சமாகும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஃபீஸ் கவுண்ட்டர்

இதில் தவறினால் பணம், பெற்றோரின் கோபம், தாளாளரின் சந்தேகம் மூன்றும் ஒன்றாக வரும். அதனால் கட்டணத்தை இரண்டாம் டெர்முக்கு முன் தொடாதீர்கள். தொட்ட பிறகும் ஒரு டெர்ம் முழுக்க கார்பன் ரசீதுப் புத்தகமும் மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும். மாலை நாலரைக்குக் கவுண்ட்டரை மூடியதும் ரசீதுப் புத்தகத்தின் கூட்டல், மென்பொருளின் கூட்டல், கையில் உள்ள ரொக்கமும் வங்கி வரவும், இந்த மூன்றும் ஒத்துப் போக வேண்டும். போகாத நாளில் காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போக வேண்டாம். எங்களுக்கு ஒருமுறை 450 ரூபாய் இடித்தது. ஒரு மணி நேரம் தேடினோம். அண்ணன் தங்கை இருவருக்கும் சேர்த்து அப்பா கட்டிய வேன் கட்டணத்தில் அண்ணன் பங்கை மட்டும் மென்பொருளில் வரவு வைத்திருந்தார்கள், தங்கைக்குக் கையால் தனி ரசீது போயிருந்தது. அன்றைக்கு விட்டிருந்தால் மார்ச்சில் அந்தத் தங்கைக்கு "பாக்கி" என்று சீட்டு போயிருக்கும்.

நம் கட்டண முறையை மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் லேசல்ல. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு வகுப்புவாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை ஒரு தலைப்பிலும், வேன், சீருடை போன்றவை வேறு தலைப்புகளிலும் நிற்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் பக்கம் சுழியம், ஆனால் அரசிடம் கேட்க வேண்டிய தொகை பதிவில் வேண்டும். அதை 'சலுகை' என்று போட்டால் ஆண்டுக் கடைசியில் கேட்க வேண்டிய தொகை மறைந்துவிடும், 'பாக்கி' என்று போட்டால் அந்தப் பிள்ளைக்கு நினைவூட்டல் போகும். நான் பார்த்த எந்த மென்பொருளும் இதைத் தானாகச் செய்யவில்லை. 'அரசு' என்று ஒரு தனிக் கட்டணப் பிரிவை உண்டாக்கிச் சமாளித்தோம். அழகான தீர்வு இல்லை, ஆனால் கணக்கு நின்றது.

இன்னொரு எச்சரிக்கை, சுருக்கமாக. 2023-ம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. விதிமுறைகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சர்வரை நீங்களே வைத்திருந்தால் பொறுப்பும் உங்களுடையது. வகுப்பாசிரியருக்குத் தன் வகுப்பு மட்டும் தெரிந்தால் போதும், கவுண்ட்டரில் இருப்பவருக்குச் சாதிச் சான்று தெரிய வேண்டியதில்லை. ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் வாங்கும் பழக்கத்தை இந்தச் சாக்கில் நிறுத்திவிடலாம்.

ஆள் யார்?

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய நல்ல அமைப்பு. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகளை நீங்கள் எத்தனை பேரைச் சந்தித்திருக்கிறீர்கள்? நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். குறை அந்த அமைப்பில் இல்லை. அதைக் காட்டித் தர வகுப்பில் ஆள் இல்லை.

கேரளத்தில் 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, பிறகு பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனபோது அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், பள்ளிக்கொரு ஆசிரியரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கியது. எஸ்.ஐ.டி.சி. என்பார்கள், பள்ளித் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர். பயிற்சி அவருக்கு, கேள்வி அவரிடம், பதிலும் அவரிடம். அந்தத் திட்டம் 2017-ல் கைட் என்ற நிறுவனமானது. அடுத்த ஆண்டு 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றங்கள் வந்து, பிள்ளைகளே கணினியறையைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. நம் தனியார் பள்ளிகள் கேரளத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மென்பொருளை அல்ல, இந்தப் பதவியை.

அந்தப் பதவி உங்களுக்கு வருகிறது என்றால் பேரம் பேசுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்தாவில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு உங்கள் படியாக வர வேண்டும். "சாஃப்ட்வேருக்குக் காசு இல்ல சார். பார்த்துக்கிற ஆளுக்கும், வைக்கிற சர்வருக்கும், எஸ்.எம்.எஸ்.க்கும் இருக்கு. மூணையும் கூட்டினாலும் இப்ப கட்டுறதை விடக் குறைவா வருதான்னு எழுதிக் காட்டுறேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குறைவாக வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். தாளாளர்கள் கணக்குத் தெரிந்தவர்கள், நேர்மையான தாளை மதிப்பார்கள். பொறுப்பை ஆணையாக, பதவிப் பெயரோடு வாங்கிக்கொள்ளுங்கள். நாளை வேறு பள்ளிக்குப் போகும்போது அனுபவச் சான்றிதழில் 'அலுவலக உதவியாளர்' என்று மட்டும் இருப்பதற்கும், '1,200 மாணவர் கொண்ட பள்ளியின் நிர்வாக மென்பொருளை நிறுவி நடத்தியவர்' என்று இருப்பதற்கும் சம்பளத்தில் வித்தியாசம் உண்டு.

கற்க வேண்டியது அதிகமில்லை. விரிதாளில் இரண்டு பட்டியலை ஒப்பிடத் தெரிய வேண்டும். தரவுத்தளத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டுப் பதில் எடுக்கும் அளவுக்கு எஸ்.க்யூ.எல். வேண்டும், இரண்டு மாதம் மாலையில் உட்கார்ந்தால் வந்துவிடும். லினக்ஸ் கட்டளைகள் பத்துப் பதினைந்து. தமிழிலேயே படிக்கலாம். கணியம் மின்னிதழ் 2012 முதல் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது, சென்னையிலும் பழைய குழு ஒன்று உண்டு. நிறுவும்போது சிக்கினால் அங்கே கேளுங்கள். என்ன செய்தீர்கள், என்ன பிழைச் செய்தி வந்தது என்று எழுதிக் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். "ஓடலை" என்று மட்டும் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். என்றைக்கு என்ன மாற்றினீர்கள், கடவுச்சொல் உறை எந்த பீரோவில் இருக்கிறது, பேக்கப் எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று கையால் எழுதி வையுங்கள். பேக்கப் தினமும் தானாக எடுக்கட்டும். ஒரு பிரதி சர்வரில், ஒன்று அலுவலகக் கணினியில், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. எடுத்தால் மட்டும் போதாது. காலாண்டு விடுமுறையில் ஒரு பழைய கணினியை எடுத்து, அந்தப் பேக்கப்பிலிருந்து முழுப் பள்ளியையும் மீட்டுப் பாருங்கள். முதல் முறை கட்டாயம் ஏதோ ஒன்று இடிக்கும். எங்களுக்குப் பிள்ளைகளின் புகைப்படங்கள் வரவில்லை. தரவுத்தளத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, படங்கள் வேறு கோப்புறையில் இருக்கின்றன என்பதை மறந்திருந்தோம்.

அரையாண்டு விடுமுறையில் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். இந்தமுறை கீபோர்டில் உங்கள் கை படக் கூடாது. அலுவலகத்தில் உங்களுக்கு அடுத்தபடியாக இருப்பவரை உட்காரவைத்து, அந்த நோட்டை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அவர் எந்த வரியில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.